தார்ப்பாயில் காய்ந்த வத்தல்

எண்பதுகளின் தொடக்கத்தில், மல்லசமுத்திரத்தில் எங்கள் தெருவில் பாதி வீடு லாரி வீடு. லாரி ஊருக்கு வந்து நின்றால் அதன் தார்ப்பாய் யார் வீட்டு மொட்டை மாடிக்காவது ஏறிவிடும். வத்தலுக்கு அரிசிக் கூழை வேட்டியில் ஊற்றினால் ஒட்டிக்கொள்ளும். தார்ப்பாயில் ஊற்றினால் காய்ந்ததும் தானாக எழும்பி வரும். போன வாரம் அது எந்தச் சரக்கை மூடிக் கிடந்தது என்று ஒருத்தியும் கேட்டதில்லை. கெட்டிக்காரி என்று பெயர் வாங்கிய நானும் கேட்கவில்லை.

அந்தச் சித்திரையில் எங்கள் தார்ப்பாயைச் சோப்புப் போட்டு இரண்டு முறை தேய்த்துக் கழுவினேன். லேசாக ஒரு வாடை இருந்தது. தார்ப்பாய் என்றால் வாடை இருக்காதா என்று வத்தல் ஊற்றினேன். மூன்று நாள் வெயிலில் கலகலவென்று காய்ந்தது. பரமத்தி வேலூரில் வாழ்க்கைப்பட்டிருந்த என் நாத்தனார் அப்போது வந்திருந்தாள். ஏழு மாதம். வத்தல் மேல் ஆசையாக இருக்கிறது என்றாள். ஒரு தூக்குப்போசி நிறையப் போட்டுக் கொடுத்தேன். காலை பஸ்ஸில் கிளம்பிப் போனாள்.

அவள் போன பிறகு தார்ப்பாயை வாசலில் உதறினேன். உதிர்ந்த தூளைக் கோழிகள் ஓடி வந்து கொத்தின. நான் பாத்திரம் கழுவி முடிப்பதற்குள் இரண்டு கோழிகள் கழுத்தைத் திருகிக்கொண்டு செத்துக் கிடந்தன. தூங்கிக்கொண்டிருந்த வீட்டுக்காரரை எழுப்பினேன்.

கோழியைப் பார்த்தார். தார்ப்பாயைப் பார்த்தார்.

"இதுலயா வத்தல் ஊத்துனே?"

"ஆமாங்க."

"போன நடை பருத்திக்கு அடிக்கிற மருந்து புள்ள. ரெண்டு டின்னு ஒழுகிருச்சு."

"ஏனுங்க எங்கிட்டச் சொல்லலை?"

"நீ கேக்கலியே."

கோழிகளைக் கூடையால் மூடிவிட்டு, லாரியை எடுத்துக்கொண்டு வேலூருக்குப் பறந்தோம். வழியில் அவர் ஒன்றுதான் சொன்னார்: "ஆருகிட்டயும் மூச்சு உடாதே. மருந்து ஒழுகுன வண்டின்னு தெரிஞ்சா ஒருத்தனும் அரிசி லோடு குடுக்கமாட்டான்." நான் அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. தங்கச்சி வயிற்றில் பிள்ளை இருக்கும்போது இந்த மனுசனுக்கு லோடு நினைப்பு வந்ததே என்று வயிறு எரிந்தது.

நாத்தனார் வீட்டில் எண்ணெய் வாசம் வாசல்வரை வந்தது. "வாங்கண்ணி, எண்ணெய் காயுது. ஒக்காருங்க, நாலு வத்தல் பொரிச்சுத் தாரேன்" என்றாள். போசியைப் பிடுங்கினேன்.

"வாயில போட்டியா சாமி?"

"இன்னும் இல்லீங்க. ஏனுங்க?"

அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். பூசணம் பிடித்த வத்தல் என்று அவள் அண்ணன் சொல்லிச் சமாளித்தார். கொல்லையில் குழி தோண்டிப் புதைத்தார்.

ஊர் திரும்பும்போது வெயில் தாழ்ந்திருந்தது. வாசலில் தார்ப்பாயைக் காணோம். அண்ணாந்து பார்த்தேன். பக்கத்து வீட்டு மாடியில் அது விரிந்து கிடந்தது, விளிம்புவரை மிளகாய். அந்த வீட்டுக்காரி மேலிருந்து சிரித்தாள். "சும்மாக் கெடந்துதுங்க. எடுத்துப் போட்டுக்கிட்டேன்."

என் வீட்டுக்காரர் என் மணிக்கட்டைப் பிடித்தார். உதறினேன். கூடையைத் தூக்கி, விறைத்துப்போன கோழியைக் காலைப் பிடித்து எடுத்துக்கொண்டு நடுத்தெருவில் நின்றேன். அந்தத் தார்ப்பாய் எதை மூடி வந்தது, நான் அதில் என்ன செய்தேன், யாருக்குக் கொடுத்தேன் என்று எல்லாவற்றையும் தெருவே கேட்கச் சொன்னேன்.

ஒவ்வொரு மாடியிலிருந்தும் ஒரு தலை எட்டிப் பார்த்தது. ஒவ்வொரு தலைக்குப் பின்னாலும் ஒரு தார்ப்பாயில் ஏதாவது காய்ந்துகொண்டிருந்தது.