சோபாவில் வந்த கவ்பாய்

டெக்சாஸின் காப்பெல் ஊரில் குடியிருக்கும் நஞ்சுண்டனுக்கு நாயைக் கண்டாலே நடுக்கம். ஆனால் இந்த வருஷ ஊர்க் காலண்டரில் அவர்தான் குதிரை மேல் கவ்பாய். பக்கத்து வீட்டு வால்டர் பிரபல ஓவியர். தெருக்காரர்களைப் போட்டோ எடுத்து, புரொஜெக்டரில் கேன்வாஸ் மேல் விழவைத்து, கோடிழுத்து வண்ணம் தீட்டுவார். நஞ்சுண்டனைச் சோபாக் கைப்பிடியில் இருபுறமும் கால் போட்டு உட்காரவைத்து எடுத்தார். குதிரையை வேறொரு போட்டோவிலிருந்து சேர்த்தார். அந்த ஓவியம்தான் காலண்டரில் வந்தது.

இப்போது ஊர்த் திருவிழா ஊர்வலத்தில் காலண்டர் கவ்பாய் நிஜக் குதிரையில் வரவேண்டுமாம்.

"சாந்தாமணி, விழுந்து செத்தே போயிருவேன்!" என்று மனைவியிடம் புலம்பினார்.

"ஏனுங்க, நம்ம ஆளுக அத்தன பேரும் வர்றாங்க. இப்பப் போய் கேன்சல் பண்ணுனா மானம் போயிருமுங்க."

விஷயம் வால்டர் காதுக்குப் போனது. அவர் அசரவில்லை.

ஊர்வலத்தன்று பிக்கப் வண்டியில் அதே சோபா வந்தது. கைப்பிடியில் கம்பீரமாக அமர்ந்து தொப்பியை உயர்த்தினார் நஞ்சுண்டன். பின்னால் வெறும் குதிரையை வால்டர் நடத்தி வந்தார். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் வேலையைக் கூட்டமே செய்துகொண்டது.