ஓட்டை கண்டால் பொறுக்காத குடைக்காரர்

என் அக்கா புருஷனை ஊரே குடைக்காரர் என்றுதான் கூப்பிடும். முப்பது வருஷம் குடை ரிப்பேர். மழை பெய்தால் கடை வாசலில் கூட்டம் நெருக்கும். மனுஷன் ஒரு நாளாவது தலை நிமிர்ந்து மழையைப் பார்த்திருப்பாரா? கிடையாது. கடையை ஒரேயடியாக மூடியபின் ஒரே ஆசைதான் மிச்சம். வீட்டுப் பின்புறம் உட்கார்ந்து, செடம் என்ற தொட்டிச் செடியின் இலைகளில் மழைத்துளி உருள்வதைப் பார்க்க வேண்டும்.

செடம் ஒன்றும் செல்லம் கொஞ்சும் செடியில்லை. குண்டு குண்டு இலைகளில் தண்ணீரைச் சேர்த்துக்கொண்டு தன்பாட்டுக்குக் கிடக்கும். யார் வீட்டிலும் சாகாத அது, மாமாவிடம் மட்டும் செத்தது. மழை பெய்யும், நாலே நாளில் தண்டு கூழாகிவிடும். பன்னிரண்டு தொட்டிகளில் பதினொன்று காலி. அத்தனையையும் சுமந்து வந்தவன் நான். முதுகு இன்னும் சரியாகவில்லை.

மிஞ்சிய ஒன்றைத் தூறல் விழுந்ததுமே தூக்கிக்கொண்டு உள்ளே ஓடுவார். அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“மழை பார்க்கத்தானே செடி வாங்குனீங்க? இப்ப செடியும் உள்ள, நீங்களும் உள்ள!”

“இதுவும் போச்சுன்னா என்னால தாங்க முடியாதுடி” என்றார் மாமா. குரல் நிஜமாகவே உடைந்தது. எனக்கே பாவமாகிவிட்டது.

காலித் தொட்டி ஒன்றை எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் வட்டமாகக் கறுப்புக் குடைத்துணி, பசை போட்டு அழகாக ஒட்டியிருந்தது. பன்னிரண்டுக்கும் அதே வைத்தியம்.

“என்ன மாமா இது?”

“கடைக்காரன் ஏமாத்திட்டான்பா. எல்லாமே ஓட்டை. நான்தான் ஒண்ணு விடாம அடைச்சேன்.”

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். “தண்ணி வடியத்தாங்க அந்த ஓட்டையே!”

மாமாவின் ரிப்பேர் பெட்டியிலிருந்தே குத்தூசியை எடுத்து, கடைசித் தொட்டியின் துணியில் நாலு குத்து குத்தினாள். மாமா கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

மறுநாள் மழை கொட்டித் தீர்த்தது. தொட்டி வெளியே, செங்கல் மேல். அக்காவும் மாமாவும் பின்வாசல் படியில். இலைகளில் துளிகள் நின்றன, உருண்டன. “அடடா…” என்றார் மாமா, சின்னப் பிள்ளை மாதிரி.

அப்புறம் அடியில் ஒழுக ஆரம்பித்தது.

“ஒழுகுதுடி.”

“ஒழுகட்டும்.”

மாமா நெளிந்தார். கை மெல்லச் சட்டைப்பையிலிருந்த பசைக் குழாயைத் தேடிப் போயிற்று. அக்கா அந்தக் கையைப் பிடித்தாள். மழை விடும்வரை அவள் விடவில்லை.