தானாகப் பிடிக்கும் தீ

நிலத்தடி நிலக்கரிச் சுரங்கத்தில் தீ வருமா வராதா என்று பார்த்துச் சொல்வது என் வேலை. அங்கே யாரும் கொளுத்த வேண்டியதில்லை. வெட்டி முடித்துக் கைவிட்ட பகுதியில் உதிர்ந்து கிடக்கும் கரி, காற்றுப் பட்டுப் பட்டுத் தானே சூடேறும். முதலில் சுவர் வியர்க்கும். பிறகு மண்ணெண்ணெய் போல ஒரு வாடை. மூக்கை மட்டும் நம்பினால் ஆள் போய்ச் சேர வேண்டியதுதான். அதனால் அங்குள்ள காற்றைப் பிடித்து, விஷவாயு ஏறுகிறதா என்று அளப்போம். ஏறினால் அந்தப் பகுதியையே சுவர் எழுப்பி அடைத்துவிடுவார்கள்.

போன மாசியில் லீவுக்கு ஊருக்கு வந்திருந்தேன். திருப்பத்தூர் பக்கம் எங்கள் ஊர். சித்தப்பா இறந்து கருமாதியும் முடிந்திருந்தது. ஒட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் நடந்த சாவுக்கு அப்பா போகவில்லை. எனக்கு விவரம் தெரியாத வயதில் எங்கள் வைக்கோல் படப்பு எரிந்தது. தீ வைத்தது தன் தம்பிதான் என்று அப்பா முடிவு கட்டிவிட்டார். எங்கள் பக்கம் படப்பு எரிந்தால் யாரும் காரணத்தைத் தேடுவதில்லை, பங்காளியைத்தான் தேடுவார்கள். வரப்புத் தகராறு வேறு இருந்தது. கேட்கவா வேண்டும்.

ஒருநாள் மதியம் சாப்பிட்டு முடித்ததும் அப்பா என் வேலையைப் பற்றிக் கேட்டார். அதுவரை கேட்டதே இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. வியர்க்கும் சுவர், வாடை, வாயு என்று அளந்து தள்ளினேன்.

"யாரும் வைக்காமலா?" என்றார்.

"யாரும் வைக்க வேணாம்ப்பா. உள்ளுக்குள்ள புழுங்குனாப் போதும்."

ஈர வைக்கோலுக்கும் அப்படி உண்டா என்று கேட்டார். நானும் ஒரு மடையன். உண்டு, கரியைவிடச் சீக்கிரம் பிடிக்கும் என்றேன்.

சொன்ன பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். படப்பு எரிந்த அந்த வருடம் கதிரடிப்பில் மழை பிடித்துக்கொண்டதும், மாட்டுக்கு இல்லாமல் போய்விடுமே என்று அவரே ஈரத்தோடு படப்பு போட்டதும் அம்மா சொல்லி எனக்குத் தெரியும். எல்லா ஈர வைக்கோலும் எரிந்துவிடாது, நிச்சயமாகச் சொல்ல முடியாது என்று இழுத்தேன். அவர் காதில் வாங்கவில்லை. பொய் சொல்லியிருக்கலாம் என்றுதான் இன்றும் தோன்றுகிறது.

"கோயில்ல சூடத்த அணைச்சுச் சத்தியம் பண்ணுனான்டா" என்றார். "சாமியவே ஏமாத்துறான்னு ஊரு முன்னாடி காறித் துப்புனேன். அணைச்ச கைய நீட்டிக்கிட்டே நின்னான். நான் திரும்பிக்கூடப் பாக்கல."