ஜெயசுதா நடத்திய நட்சத்திரப் பாடம்

பெரம்பலூர் துறைமங்கலத்தில் பிரேம்குமாரின் வீட்டைக் கண்டுபிடிக்க முகவரி தேவையில்லை. மாலை நேரத்தில் எந்த வாசலில் சைக்கிள்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து கிடக்கின்றனவோ அதுதான் வீடு. மாடியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் டியூஷன். பிரேம்குமாருடைய அப்பா பஸ் கண்டக்டர். இவர் எம்.எஸ்சி. முடித்து, அரசு வேலைக்கு எழுதி எழுதிச் சலித்து, பிறகு தன் வாயை மட்டும் நம்பிப் பெயர் எடுத்தவர். "பிரேம் சார்கிட்ட போட்டுட்டா கவலையில்லை" என்று ஊரில் சொல்வார்கள். அந்தப் பேச்சு காதில் விழும்போது தெரியாததுபோல் நடந்துகொள்வார். ஆனால் அன்று சாப்பாடு இரண்டு கவளம் கூடுதலாக இறங்கும்.

மனைவி ஜெயசுதா விக்கிரமங்கலத்து விவசாயக் குடும்பத்துப் பெண். அவரும் எம்.எஸ்சி. இயற்பியல்தான். பெண் பார்த்துவிட்டு வந்த அன்று, "நம்ம பாடம் படிச்ச பொண்ணு, வூட்டுல பேச ஆள் இருக்கும்" என்று பிரேம்குமார் நண்பர்களிடம் பெருமையாகச் சொன்னார். கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் பேச்சு நடக்கவில்லை. ஜெயசுதா சமைத்தார், பையனை வளர்த்தார், மாடியிலிருந்து இறங்கி வரும் தேர்வுத்தாள்களைத் திருத்தினார். அதை அவர் குறையாகச் சொன்னதும் இல்லை.

மூன்று வருடங்களுக்கு முன் பிரேம்குமாருக்கு டைபாய்டு வந்தது. டாக்டர் படுக்கையை விட்டு எழக்கூடாது என்றார். பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது.

"நீ போய் கணக்கு மட்டும் போட்டு விடு ஜெயா. புதுசா எதுவும் ஆரம்பிக்காத" என்றார்.

ஜெயசுதா மாடிக்குப் போனார். படுக்கையறை மாடிப்படிக்கு அடியில்தான். மேலே பேசுவது படிவழியே அப்படியே இறங்கி வரும். முதல் நாள் ஈர்ப்பு விசைக் கணக்குகள் போட்டுக்கொண்டிருந்தபோது சுகன்யா என்ற மாணவி கேட்டாள்.

"மேடம், ஈர்ப்பு ரொம்ப ரொம்ப அதிகமா இருக்கிற எடம் எது? கருந்துளைன்னு சொல்லிராதீங்க, அது எல்லாருக்கும் தெரியும்."

"அப்ப நியூட்ரான் நட்சத்திரம்" என்றார் ஜெயசுதா. சாக்பீஸைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"நான் சின்னப் புள்ளையா இருக்கையில எங்கப்பா என்னைத் தூக்கி பருத்தி மூட்டைக்குள்ள எறக்கி விடுவாரு. நின்னு மிதிக்கணும். கழுத்து வரைக்கும் இருந்த பருத்தி முழங்காலுக்கு எறங்கிடும். பருத்தி ஒன்னும் குறையல. நடுவுல இருந்த காத்துதான் போச்சு. அணுவும் அப்படித்தான், உள்ள பூரா காலி எடம். சூரியனைவிடப் பல மடங்கு பெரிய நட்சத்திரம் எரிஞ்சு தீந்ததும் அதோட நடுப்பகுதியை அதோட எடையே மிதிக்க ஆரம்பிச்சிரும். எலெக்ட்ரானுக்கு நிக்க எடமில்ல. புரோட்டானோட சேந்து நியூட்ரானா ஆயிடும். வெளிப்பக்கம் வெடிச்சுச் சிதறிடும். மிச்சம் கெடக்கிறதுதான் இந்த நட்சத்திரம்."

"எவ்ளோ பெருசு மேடம்?"

"சூரியனைவிட எடை ஜாஸ்தி. ஆனா அகலம் இங்கேருந்து குன்னம் போற தூரம்தான். அரியலூர் பஸ்ல ஏறி உக்காந்தீங்கன்னா பாதி வழியிலயே நட்சத்திரம் முடிஞ்சிரும். அதுல ஒரு ஸ்பூன் அள்ளினா பல கோடி டன். நம்ம அரியலூர் சிமெண்ட்டு லாரி மொத்தமும் வந்தாலும் தூக்க முடியாது."

பிள்ளைகள் சிரித்தார்கள். சுற்றிக்கொண்டே கையை மடக்கினால் வேகம் கூடுவதுபோல, சுருங்கச் சுருங்க அந்த நட்சத்திரமும் வேகமெடுக்கிறது, சில நட்சத்திரங்கள் ஒரு நொடிக்குள் பல நூறு முறை சுற்றுகின்றன என்று ஜெயசுதா சொன்னார். அது வீசும் ரேடியோ அலை நம் பக்கம் திரும்பும்போதெல்லாம் நாடித் துடிப்பு மாதிரி இங்கே பதிவாகிறது என்றார். பிறகு ஒரு பையன் கேட்டான்.

"அதோட நட்டநடுவுல என்ன மேடம் இருக்கு?"

"தெரியாதுப்பா. எனக்கு மட்டுமில்ல, யாருக்குமே இன்னும் சரியாத் தெரியல. நியூட்ரானே உடைஞ்சு கெடக்கலாம்ங்கிறாங்க. நீங்க யாராச்சும் கண்டுபிடிச்சா எனக்கு ஒரு போன் போடுங்க."

கீழே படுத்திருந்த பிரேம்குமாருக்கு வியர்த்தது. டியூஷன் ஆரம்பித்த நாளிலிருந்து ஒருமுறைகூடத் "தெரியாது" என்ற சொல்லை அவர் அந்த மாடியில் சொன்னதில்லை. சொன்னால் மரியாதை போய்விடும் என்பதுதான் அவருடைய தொழில் பாடம். இங்கே இவள் சொல்கிறாள், பிள்ளைகள் எழுந்து போகாமல் இன்னும் கேட்கிறார்கள். நேரம் முடிந்தும் ஒரு சைக்கிளும் நகரவில்லை.

உடம்பு தேறி அவர் மாடி ஏறிய அன்று முன்வரிசையிலிருந்து வந்த முதல் கேள்வி, "மேடம் வரலையா சார்?"

அன்று பிடித்தது அவருக்கு எரிச்சல். குழம்பில் உப்பு கூடிவிட்டது என்றார். திருத்திய தாளில் மதிப்பெண் தாராளம் என்றார். "சிலபஸ்ல இல்லாததை நடத்தி என்ன பிரயோஜனம்? அதுங்க பாஸாக வேண்டாமா?" என்று கேட்டார். ஜெயசுதா, "சரிங்க, இனிமே போகல" என்றார். அவர் சண்டை போட்டிருந்தால்கூட பிரேம்குமாருக்கு ஆறியிருக்கும்.

பிறகு அவரே நியூட்ரான் நட்சத்திரங்களைப் பற்றித் தேடித் தேடிப் படித்தார். அடர்த்தி, காந்தப்புலம், நிறைக்கு உள்ள உச்சவரம்பு என எதையும் விடவில்லை. ஒரு மாலை முழுவதும் பலகை நிறைய எழுதி நடத்தினார். ஒன்றும் தப்பில்லை. பிள்ளைகள் ஒழுங்காக எழுதிக்கொண்டார்கள். கடைசியில் சுகன்யா கையைத் தூக்கினாள்.

"சார், இது பரீட்சைக்கு வருமா?"

அவர் பலகையை அழித்தார்.

இந்த நிலையில்தான் அரியலூரிலிருந்து ராஜராஜன் என்பவர் போன் செய்தார். அங்கே மாதம் ஒருமுறை கூடும் அறிவியல் வட்டத்தை நடத்துபவர். சுகன்யாவுக்கு மாமா.

"சார், உங்க வீட்டம்மா நட்சத்திரம் பத்தி அருமையாப் பேசுறாங்களாமே. இந்த ஞாயித்துக்கிழமை அவங்க வந்து பேசணும்."

ஜெயசுதா அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான்.

"அவளுக்குக் காய்ச்சலுங்க" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார் பிரேம்குமார். "வேணும்னா நான் வரேன்."

ஞாயிற்றுக்கிழமை ஒரு நண்பரைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு அரியலூருக்குப் பஸ் ஏறினார். கூடத்தில் நல்ல கூட்டம். எண்களோடு ஆரம்பித்தார். முகங்கள் வாடுவதைப் பார்த்தார். அப்போது, அவரே நினைத்துப் பார்க்காதபடி, வாயிலிருந்து வந்தது: "நான் சின்னப் புள்ளையா இருக்கையில, எங்கப்பா என்னைப் பருத்தி மூட்டைக்குள்ள எறக்கி விடுவாரு…"

கூட்டம் நிமிர்ந்தது. அதற்குப் பிறகு எல்லாம் தானாக நடந்தது. குன்னம், பஸ், சிமெண்ட்டு லாரி. எங்கே சிரிப்பார்களோ அங்கே சிரித்தார்கள். பாப்பாத்தி என்ற ஒரு வயதான அம்மாள் எழுந்து, "நானும் மிதிச்சிருக்கேன் தம்பி. மிதிச்சு முடிக்கையில காலெல்லாம் பருத்திக்கொட்டை குத்தி எரியுமே, உங்களுக்கு எரிஞ்சுச்சா?" என்று ஆசையாகக் கேட்டார்.

"எரிஞ்சுச்சும்மா" என்றார் கண்டக்டர் மகன்.

நடுவில் என்ன இருக்கிறது என்று இங்கேயும் ஒருவர் கேட்டார். "முழுக்க நியூட்ரான்தான், சந்தேகமே வேண்டாம்" என்று அடித்துச் சொன்னார். யாரும் மறுக்கவில்லை. சால்வை போர்த்தினார்கள். கைதட்டல் அடங்க நேரமானது. திரும்பும் பஸ்ஸில் சால்வையைப் பைக்குள் திணித்தபோது, கைதட்டல் எந்த இடத்தில் தொடங்கியது என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அந்த இடம் அவருடையதல்ல.

வீட்டுக்கு வந்து குளிக்கப் போனவரின் போன் மேசையில் அடித்தது. ஜெயசுதா எடுத்தார். ராஜராஜன்தான்.

"மேடம், காய்ச்சல் பரவாயில்லைங்களா? சார் இன்னிக்கு அசத்திட்டாரு. அந்தப் பருத்தி மூட்டைக் கதையை இங்க எல்லாரும் பேசிக்கிறாங்க."

ஜெயசுதா, "இப்பப் பரவாயில்லைங்க" என்று சொல்லி வைத்தார்.

பிரேம்குமார் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தார்.

"எனக்குக் காய்ச்சல்னு சொன்னீங்களாமே."

அவர் துண்டை முகத்திலிருந்து எடுக்கவில்லை.

"கேட்டிருந்தா நானே உக்காந்து எழுதிக் குடுத்திருப்பேன். போய்ப் பேசினதுகூடப் பெருசில்ல. பருத்தி மூட்டையையுமாங்க சொன்னீங்க?"

"வாயில வந்துடுச்சு ஜெயா."

"அது எங்கப்பா காட்டுல எனக்கு நடந்ததுங்க. அது பாடம் இல்ல, எடுத்துக்கிறதுக்கு."

அவர் கட்டிலில் உட்கார்ந்தார். "எனக்குப் பொறாமை" என்றார். "புள்ளைங்க உன்னைத்தான் கேக்குதுங்க. என்னால தாங்க முடியல."

"அதுக்கு நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க. தப்பா நடத்தட்டுமா?"

ஜெயசுதா போனை எடுத்து அவர் கையில் கொடுத்தார். "அடுத்த மாசம் நான் பேசுறேன்னு அவருகிட்ட நீங்களே சொல்லுங்க. காய்ச்சல் இல்லைன்னும் சொல்லுங்க."

பிரேம்குமார் சொன்னார். வார்த்தை தடுமாறித்தான் வந்தது. ராஜராஜன், "சரிங்க சார், மேடத்தைக் கூட்டிட்டு வாங்க" என்றார்.

அடுத்த மாதம் பைக்கில் கூட்டிப்போனார். கடைசி வரிசையில் உட்கார்ந்தார். பருத்தியைப் பற்றி ஜெயசுதா ஒரு வார்த்தை பேசவில்லை. அதை விட்டுவிட்டார், இனி அது அவருக்கு வேண்டாம் போலிருந்தது. வேறு வழியாக, இரண்டு நியூட்ரான் நட்சத்திரங்கள் ஒன்றையொன்று சுற்றிச் சுற்றி நெருங்கி மோதுவதிலிருந்து ஆரம்பித்தார். உலகத்தில் உள்ள தங்கத்தில் ஒரு பங்கு அப்படிப்பட்ட மோதலில் பிறந்ததுதான் என்றதும் முன்வரிசைப் பெண்கள் தங்கள் தாலிக்கொடியைத் தொட்டுப் பார்த்தார்கள். பிரேம்குமாருக்கு எரிந்தது. எழுந்து போய்விடலாமா என்றிருந்தது. போகவில்லை. கடைசிவரை கேட்டார். முடிந்ததும் மற்றவர்களுக்குப் பிறகு கை தட்டினாலும், தட்டினார்.

வெளியே வண்டியை எடுக்கும்போது ஜெயசுதா கேட்டார். "எப்படி இருந்துச்சு?"

"எனக்கு வராது இது" என்றார்.

ஜெயசுதா பின்னால் ஏறி உட்கார்ந்தார்.

இப்போது துறைமங்கலம் மாடியில் சனிக்கிழமை வகுப்பு ஜெயசுதாவுடையது. பெயர்ப்பலகையில் இரண்டு பெயரும் இருக்கின்றன. கணக்கென்றால் பிள்ளைகள் இன்றும் பிரேம் சாரிடம்தான் வருகிறார்கள், அதில் அவரை அடிக்க ஆள் இல்லை. ஆனால் சனிக்கிழமை அந்த நேரத்தில் அவரால் வீட்டில் இருக்க முடிவதில்லை. பையை எடுத்துக்கொண்டு செட்டிகுளம் வரை போய்ச் சின்ன வெங்காயம் வாங்கி வருகிறார். துறைமங்கலத்திலேயே கிடைக்கிற வெங்காயத்துக்கு இவ்வளவு தூரம் ஏன் என்று ஜெயசுதா கேட்பதில்லை. வாங்கி வந்ததை உரித்துச் சாம்பார் வைக்கிறார்.