பதினோரு நாள் விட்டுக்கொடுத்த இடம்

செல்வலட்சுமிக்காக நான் எழுதிய மனுக்கள் மொத்தம் பதினான்கு. தூத்துக்குடி கடற்கரைச் சாலை வளைவில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன் நான். பெயர் கிருபாநிதி, சொந்த ஊர் நாசரேத். மனு எழுதுவது என் பிழைப்பில் பாதி. பட்டா, பென்ஷன், வாரிசுச் சான்று என்று எத்தனையோ பேருக்கு எழுதி எதையாவது வாங்கிக் கொடுத்திருக்கிறேன். இந்த ஒருத்திக்கு மட்டும் என்னால் ஒன்றும் முடியவில்லை. அந்த எரிச்சலோடுதான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்; நடுவில் கோபம் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் கடைக்கு நேர் எதிரே, பூவரச மரத்தடியில் அவளுடைய தள்ளுவண்டி நிற்கும். உளுந்தவடை, சுக்குக்காப்பி. விடிந்ததும் துறைமுகத்துக்குப் போகிற லாரிக்காரர்கள், அப்புறம் கரைக்கு வருகிற மீன்காரர்கள், அதற்கப்புறம் ஆபீஸ் கூட்டம். வாய் ஓயாது அவளுக்கு. கரண்டு போய் நான் கடை வாசலில் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தால், "அண்ணாச்சி, மெஷினு தூங்குனா நீங்களும் தூங்கணும்னு சட்டமா? வந்து ரெண்டு வெங்காயம் உரிங்க" என்பாள். ஒரு வடையை வைத்துவிட்டுப் போவாள். காசு கொடுத்தால் முறைப்பாள்.

வெங்காயம் உரிப்பது உண்மையில் அவளுடைய கணவர் வேல்ராஜின் வேலை. உப்பளத்தில் இருபத்திரண்டு வருஷம் வெள்ளை உப்பையும் வெயிலையும் பார்த்துப் பார்த்து அவருக்குக் கண் மங்கிவிட்டது. வீட்டில் இருந்தபடி தடவித் தடவி உரித்து வைப்பார். வீடு என்றால் ஓடைக்கரையில் ஒற்றை அறை. மழைக்காலத்தில் ஓடை உள்ளே வந்து பாத்திரம் தேய்த்துவிட்டுப் போகும். ஒரே மகள் ஐஸ்வர்யா, கல்லூரியில் இரண்டாம் வருஷம்.

அந்த மகளைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது விளங்கும். ஐஸ்வர்யாவுக்கு இரண்டு வயதில் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்தது. மூன்று நாள் கண் திறக்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். செல்வலட்சுமி குடும்பம் சுடலைமாடனைக் கும்பிடுகிற குடும்பம். ஆனால் அன்று மாதா கோயில் திருவிழாவுக்குக் கொடி ஏறியிருந்தது. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நேரே மாதா கோயிலுக்குள் போனாள். 'என் பிள்ளை பிழைத்தால், வருஷா வருஷம் கொடியேற்றத்திலிருந்து பெரிய திருவிழா வரைக்கும் பதினோரு நாள் நான் வியாபாரம் பண்ண மாட்டேன். என் இடம் வெளியூரிலிருந்து வருகிற ஒருத்தருக்கு. அந்த நாளில் அதை என் இடம் என்று வாயால் சொல்ல மாட்டேன்' என்று நேர்ந்துகொண்டாள். மறுநாள் பிள்ளை கண் திறந்தது.

நான் புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவன்; எங்கள் சபையில் மாதாவுக்கு நேர்ச்சை கிடையாது. நான் அவளைக் கிண்டல்கூடப் பண்ணியிருக்கிறேன். "நம்பாதவங்க சும்மா இருங்க" என்பாள். பதினேழு வருஷம் அந்தப் பதினோரு நாளும் அவள் வண்டியை நகர்த்திவிடுவாள். விளாத்திகுளம் பக்கத்திலிருந்து பாண்டித்துரை என்று ஒரு பெரியவர் கருப்பட்டி மிட்டாய்க் கடை போட வருவார். அவருக்கு அந்த மரத்தடி இலவசம். இவள் பக்கத்தில் ஒரு பானையை வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் மோர் ஊற்றிக்கொண்டிருப்பாள்.

போன வருஷத் திருவிழாவில், ஆறாம் நாள், கையில் டேப்லெட் வைத்துக்கொண்டு இரண்டு பேர் தெரு வியாபாரிகளைக் கணக்கெடுக்க வந்தார்கள். மாநகராட்சி ஒரு தனியார் கம்பெனியிடம் விட்டிருந்த வேலை. தெரு நிறைய ஜனம். யார் ஊர்க்காரர், யார் விருந்தாளி என்று அவர்களுக்கு என்ன தெரியும்? பாண்டித்துரை என் கடைக்கு வந்து, "சர்வே எடுக்காவ, ஆதார் ஜெராக்ஸ் ஒண்ணு போடுங்க" என்றார். நானும் போட்டுக் கொடுத்தேன். எதற்கு என்று கேட்கவில்லை. திருவிழாக் கூட்டத்தில் என் மெஷினுக்கே மூச்சுமுட்டிக்கொண்டிருந்தது. இதை இன்றுவரை செல்வலட்சுமியிடம் நான் சொல்லவில்லை.

மார்கழியில் மாமன்றக் கூட்டம் நடந்தது. ஒரே காலையில், மதியச் சாப்பாட்டுக்கு முன்னால், மூன்று தீர்மானம். ஒன்று, கடற்கரைச் சாலையில் வாடகை ஸ்கூட்டர் நிலையங்கள்; எங்கள் வளைவும் அதில் ஒன்று. இரண்டு, கணக்கெடுப்பில் பெயர் உள்ள வியாபாரிகளுக்கு மட்டும் அட்டையும் வேறு இடமும். மற்றவர்கள் எங்கும் வண்டி நிறுத்தக் கூடாது. மூன்று, ஓடைக்கரை வீடுகளை அப்புறப்படுத்தி அங்குள்ளவர்களுக்கு அடுக்குமாடி வீடு. ஆனால் நகருக்குள் தொழில் செய்வதற்கு அத்தாட்சி காட்ட வேண்டும்; தெரு வியாபாரிக்கு அந்த அட்டைதான் அத்தாட்சி. மூன்றும் தனித்தனியாகப் பார்த்தால் நல்ல தீர்மானங்கள்தான். மூன்றும் சேர்ந்து ஒரே பொம்பளையின் தலையில் விழும் என்று யாரும் யோசித்திருக்க மாட்டார்கள்.

பட்டியல் ஒட்டிய அன்று அவளோடு நானும் போனேன். சாலை முழுவதற்குமான பட்டியலில் எங்கள் வளைவில் மட்டும் பதினெட்டுப் பெயர். மேலிருந்து கீழாக, கீழிருந்து மேலாக விரலை வைத்துப் பார்த்தேன். அவள் பெயர் இல்லை. நாற்பத்தொன்றாம் எண்ணில், பூவரச மரத்தடி, கருப்பட்டி மிட்டாய், பாண்டித்துரை என்று இருந்தது.

"இது நம்ம அண்ணன்லா? அவியளுக்கு எப்படி?" என்றாள். சிரிக்கக்கூடச் செய்தாள். அப்புறம்தான் உறைத்தது. வண்டிக்குத் திரும்பி வந்தவள் அன்று மாவைத் தொடவேயில்லை.

அதன்பிறகு மனுக்கள். வார்டு ஆபீஸ், மண்டல ஆபீஸ், குறைதீர் நாள், எல்லாவற்றுக்கும் எழுதினேன். பதினேழு வருஷமாக அங்கே நிற்பதற்கு லாரிக்காரர்கள் கையெழுத்து, மீன்காரர்கள் கையெழுத்து, என் கையெழுத்து. எல்லா இடத்திலும் ஒரே பதில்: அந்த இடத்துக்கு ஏற்கனவே ஓர் ஆள் இருக்கிறார். இதற்கிடையில் ஓடைக்கரையில் வீட்டுக்கு வீடு சிவப்புப் பெயிண்டில் எண் போட்டார்கள். எண்ணை வேல்ராஜ் விரலால் தடவிப் பார்த்து, "நம்ம நம்பர் என்னளா?" என்று கேட்டாராம்.

பங்குனியில் இருவரும் விளாத்திகுளத்துக்குப் பஸ் ஏறினோம். பாண்டித்துரை வீட்டுக்குப் பின்னால் மிளகாய்ச் செடி தண்ணீர் இல்லாமல் காய்ந்து நின்றது. விஷயத்தைக் கேட்டதும் மனுஷர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"சர்வேக்காரன் வருசம் தவறாம இங்கன போடுதியளான்னு கேட்டான். ஆமான்னேன். பொய் இல்லயே தங்கச்சி. ஒனக்குப் போட்டியா நிப்பேனா நான்?"

அந்த அட்டை வந்ததிலிருந்து, இந்த வறண்ட காட்டை விட்டுவிட்டு டவுனில் நிரந்தரமாகக் கடை போடலாம் என்று அவர் மனைவி கனவு கண்டுகொண்டிருந்தாளாம். அவள் வாசற்படியில் நின்று எங்களையே பார்த்தாள். பெரியவர் உள்ளே போய், சாமி படத்துக்குப் பின்னால் செருகியிருந்த அட்டையை எடுத்துக்கொண்டு வந்தார். "எங்க வந்து என்ன சொல்லணும்? சொல்லு, வாரேன்" என்றார். திரும்பி வரும் பஸ்ஸில் செல்வலட்சுமி வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். அட்டை கைக்கு வந்ததும் முதல் ஈடு வடை மாநகராட்சிக்குத்தான் என்றாள். எனக்கும் நம்பிக்கை வந்துவிட்டது.

சித்திரையில் விசாரணை. அதிகாரி உமாராணி நல்ல மாதிரிதான். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். பாண்டித்துரை அட்டையை மேஜையில் வைத்து, இது இந்தப் பிள்ளைக்குச் சேர வேண்டியது என்றார். அதிகாரி கம்ப்யூட்டரில் நாற்பத்தொன்றாம் எண்ணைத் திறந்தார். கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது அப்போதுதான்.

கணக்கெடுத்தபோது பிடித்த படத்தில் மிட்டாய்க் குவியலுக்குப் பின்னால் பாண்டித்துரை. ஓரத்தில், கையில் மோர்ச் செம்போடு, செல்வலட்சுமி. கீழே ஒரு குறிப்பு. அதிகாரி வாசித்தார்: "அருகில் இருந்த பெண்ணிடம் விசாரித்ததில், இடம் தன்னுடையது அல்ல, கடைக்காரர் இவரே என்று தெரிவித்தார்."

அதிகாரி திரையை அவள் பக்கம் திருப்பினார்.

"அம்மா, இது நீங்களா?"

"நாந்தான்."

உமாராணி அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், குரலைத் தாழ்த்தினார். "கணக்கெடுக்க வந்தவங்க தப்பா எழுதியிருக்கலாம். நான் அப்படிச் சொல்லலைன்னு நீங்க எழுதிக் கொடுத்தா, மறுவிசாரணைக்குப் போடுறேன். இடம் உங்களுக்கு வர வழி இருக்கு. சொன்னேன்னு சொல்லிட்டா, என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

இதைவிட ஒரு அதிகாரி எப்படிச் சொல்ல முடியும்? சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கணும் என்பார்கள். இங்கே பூசாரியே வரத்தை நீட்டிக்கொண்டிருந்தார். நான் அவள் முழங்கையை இடித்தேன். "சொல்லலன்னு சொல்லுளா" என்றேன், காதோடு. பாண்டித்துரையும் கண்ணைக் காட்டினார்.

அவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சொன்னேம்மா. அன்னைக்கு அது என் எடமில்ல. நேர்ச்ச நாளு. இப்ப சொல்லலன்னா, அன்னைக்கு நான் விட்டுக்குடுத்தது பொய்யாப் போகும்லா? எம்பிள்ள உயிரோட இருக்காம்மா."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பாண்டித்துரையின் வாக்குமூலப்படி நாற்பத்தொன்றாம் எண் ரத்து. மாமன்றம் ஒப்புதல் கொடுத்த பட்டியலில் பெயரை நீக்கலாம், சேர்க்க முடியாது. அடுத்த கணக்கெடுப்பு ஐந்து வருஷம் கழித்து. வந்த மூன்று பேரில் ஒருவருக்கும் ஒன்றும் இல்லாமல் வெளியே வந்தோம்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. படிக்கட்டிலேயே கத்தினேன். "ஒரு வார்த்தைளா! ஒத்த வார்த்த சொல்லியிருந்தா வீடு கெடச்சிருக்கும். மாதாவா வந்து ஒனக்கு வீடு தரப்போறாவ?" அவள் படி இறங்கிப் போய்க்கொண்டே இருந்தாள். அன்று அப்படிக் கத்தியதற்காக இப்போது வெட்கப்படுகிறேன். கத்தியவன் போட்டுக் கொடுத்த ஜெராக்ஸ்தானே அந்தக் கோப்பில் இருந்தது.

ஆனியில் மரத்தடியில் மஞ்சள் கோடு போட்டு, பன்னிரண்டு பச்சை ஸ்கூட்டர்களை வரிசையாக நிறுத்தினார்கள். செல்வலட்சுமி தூக்குச்சட்டியில் வடையை வைத்துக்கொண்டு துறைமுகச் சாலையில் லாரி லாரியாக ஏறி இறங்கினாள். அங்கும் இரண்டு தடவை விரட்டினார்கள். ஓடைக்கரையில் அட்டை உள்ள குடும்பங்களுக்கு வீட்டுச் சாவி வந்தது. இவர்களுக்கு நோட்டீஸ் வந்தது: ஆகஸ்ட் முப்பத்தொன்றுக்குள் காலி செய்ய வேண்டும். "கண்ணு தெரியாத மனுசனக் கூட்டிக்கிட்டு எங்க போவேன் அண்ணாச்சி? இந்த ஓடைன்னா அவியளுக்குத் தடம் தெரியும்" என்று என் கடை வாசலில் உட்கார்ந்து அழுதாள். பதினான்காவது மனுவை அன்றுதான் எழுதினேன்.

ஜூலை இருபத்தாறு, கொடியேற்றம். பாண்டித்துரை பழக்கதோஷத்தில் மிட்டாய் மூட்டையோடு வந்து இறங்கிவிட்டார். செல்வலட்சுமியும் மோர்ப் பானையோடு வந்தாள். பானையை இறக்கி வைத்துவிட்டு ஸ்கூட்டர் வரிசையைப் பார்த்தபடி நின்றாள்.

"குடுக்கதுக்கு இந்த வருசம் என்ட்ட ஒண்ணுமில்லயே அண்ணே" என்றாள் அவரிடம்.

அந்த நேரம் பார்த்து ஒரு ஜோடி போனைக் காட்டி இரண்டு ஸ்கூட்டர்களை எடுத்துக்கொண்டு போனது. வரிசையில் ஒரு சந்து விழுந்தது, அவள் வண்டி அகலத்துக்கு. அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். "அண்ணே, விரிங்க, சீக்கிரம்" என்று சாக்கை அவளே உதறி அந்தச் சந்தில் போட்டாள். மிட்டாயை இருவரும் அள்ளி அடுக்கினார்கள். முதல் பொட்டலம் விற்றது. கால் மணி நேரம் இருக்கும். அந்த ஜோடி திரும்பி வந்து ஹாரன் அடித்தது.

நிலையத்தின் காவலாளி மெல்வின் ஓடி வந்தான். விசைப்படகு வேலையை விட்டுவிட்டுச் சீருடை மாட்டியவன், கெட்டவன் இல்லை. "அக்கா, எடுத்திருங்க. மேல கேமரா இருக்கு, என் வேல போயிரும்." அவள் நகரவில்லை. அவன் சாக்கின் நுனியைப் பிடித்து இழுத்தான். மிட்டாய் மண்ணில் சரிந்தது. "என்னக்கா இது, யாரு எடம்னு நெனச்சிய?"

"என் எடம்லே!" என்று கத்தினாள் செல்வலட்சுமி. "பதினேழு வருசமா என் எடம்லே இது! என் எடம்!"

தெருவே திரும்பிப் பார்த்தது. அதைக் குறித்துக்கொள்ள அன்று யாரும் டேப்லெட்டோடு வரவில்லை. கோயில் பக்கம் கொடி ஏறி வேட்டுச் சத்தம் கேட்டது. அவள் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். கோயில் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். பிறகு இடுப்பிலிருந்து போனை எடுத்தாள். இரண்டு தடவை தப்பாக அழுத்தினாள்.

"ஏளா ஐஸு, எங்க இருக்க?"

காலேஜில்தான் என்று மகள் சொன்னது ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

"ஒடம்பு எப்படி இருக்கு?"

"நல்லாத்தாம்மா இருக்கேன். ஏன், என்னாச்சு?"

மெல்வின் குனிந்து மிட்டாய்களைப் பொறுக்கி, மண்ணை ஊதி ஊதி, பாண்டித்துரையின் சாக்கில் வைத்துக்கொண்டிருந்தான். செல்வலட்சுமி போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணுமில்ல. நெத்தியத் தொட்டுப் பாருளா. சுடுதா? நல்லாத் தொட்டுப் பாத்துச் சொல்லு."