உறவினர் இல்லாத ஊர்கள்

பாரிசுக்கு நான் மூன்று தடவை போயிருக்கிறேன். அந்தப் புகழ்பெற்ற கோபுரத்தைக் காருக்குள் இருந்தபடி ஒரு தடவை பார்த்தேன். பெரியபிள்ளையான ஒரு பெண்ணின் சாமத்திய வீட்டு மண்டபத்துக்கு நேரமாகிவிட்டது என்று கணவரின் மைத்துனர் விரட்டி ஓட்டியதில் அதுவும் பாதிதான் தெரிந்தது. லண்டன் என்றால் எனக்கு ஒரு வரவேற்பறையும் அதன் சோபாவும். சூரிச் என்றால் நான் சமைத்துக்கொண்டு நின்ற ஒரு குசினி. அந்தக் குசினி ஜன்னலால் ஒரு மலை தெரியும். அதன் பெயரைக் கேட்க எனக்கும் நேரம் கிடைக்கவில்லை, சொல்ல அவர்களுக்கும் நேரம் இருக்கவில்லை.

எங்கள் சனத்தின் பயணம் இதுதான். கலியாணவீடு, செத்தவீடு, கோயில். பெட்டியில் பாதி மிளகாய்த்தூளும் பருத்தித்துறை வடையுமாக இருக்கும். ஹோட்டலில் தங்கினோம் என்று தெரிந்தால் சொந்தக்காரர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள்.

நான் கனடாவின் மிசிசாகாவில் விமான நிலையத்துக் கோப்பிக் கடையில் வேலை செய்கிறேன். ஊர் ஊராகப் பறக்கிற சனத்துக்கு நாள் முழுக்கக் கோப்பி ஊற்றிக் கொடுப்பவள். ஒருநாள் மேசை துடைக்கும்போது யாரோ விட்டுப்போன சஞ்சிகை ஒன்றைப் புரட்டினேன். பெரு நாட்டுப் பாலைவனத்தில் பழங்காலத்து மனிதர்கள் தரையில் கீறிய படங்கள். வால் சுருண்ட ஒரு குரங்கு, ஒரு சிலந்தி. இப்போது எல்லாரும் சின்ன விமானத்தில் ஏறி மேலேயிருந்து பார்க்கிறார்களாம். கீறியவர்கள் தங்கள் குரங்கை முழுதாக ஒருமுறையாவது பார்த்திருப்பார்களா என்ற கேள்வி அன்று மனதில் விழுந்தது. பிறகு அது போகவே இல்லை. சஞ்சிகையை வீட்டுக்குக் கொண்டுவந்து கணவரிடம் காட்டினேன். அங்கே போகவேண்டும், உங்களோடு போகவேண்டும் என்றேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆறுதலாக, ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார்.

"அங்க எங்கட ஆக்கள் ஆர் இருக்கினம்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாலைவனத்தில் யார் இருப்பார்கள், உங்கள் ஒன்றுவிட்ட அண்ணர் கடை போட்டிருப்பாரா என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, பிறகு பார்ப்போம் என்றார். எங்கள் வீட்டில் 'பிறகு பார்ப்போம்' என்றால் இல்லை என்று அர்த்தம். தனியாகப் போய்விடலாம்தான். ஆனால் அவர் பக்கத்தில் இல்லாமல் பார்த்தால், பார்த்ததை யாரிடம் சொல்வேன்? அந்த ஆசையும் கோபமும் சில வருடங்கள் எனக்குள்ளேயே கிடந்தன.

போன குளிர்காலத்தில் இங்கே பிறந்த எங்கள் மகள் தானாகவே ஒரு ஏற்பாடு செய்தாள். வடக்கே ஒரு மலையில், ஒன்றும் தெரியாதவர்களுக்குப் பனிச்சறுக்குப் பழக்கும் இடம். வார இறுதிக்கு மூன்று பேருக்கும் அறை எடுத்திருந்தாள். தகப்பன் வழக்கமான கேள்வியைக் கேட்டார். "ஒருத்தரும் இல்லை அப்பா, தட்ஸ் த பொயின்ற்" என்றாள் அவள்.

அவர் வந்தார். ஒரு கூலர் நிறைய இடியப்பமும் சம்பலும் கொண்டு வந்தார். போய் இறங்கிய கொஞ்ச நேரத்திலேயே, காலில் போடும் சறுக்குச் சப்பாத்து வாடகைக்குக் கொடுப்பவர் மட்டக்களப்புக்காரர் என்று கண்டுபிடித்துவிட்டார். அந்த மனிதரின் மனைவியோடு போனில் பேசி, பின்னேரம் தேத்தண்ணிக்கு வருகிறோம் என்றும் ஒப்புக்கொண்டுவிட்டார். முகம் அப்படி மலர்ந்திருந்தது. எனக்கு வந்த கோபத்தில் அந்தப் பனியே உருகியிருக்கும்.

பழக்குகிற பெண்பிள்ளை முதலில் சொல்லித்தந்தது விழுவதைத்தான். பக்கவாட்டில் விழவேண்டும், பயப்படக்கூடாது. அந்தப் பாடத்தில் நாங்கள் இருவரும் கெட்டிக்காரர். சிறுவர் சறுக்கும் சின்னச் சரிவில் அவர் விழுந்தார், தூக்கப் போன நானும் விழுந்தேன். எழும்ப முடியாமல் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். மகள் கீழே நின்று எங்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். நான் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் துடைத்துக்கொண்டு திரும்பினால், அவர் சிரிக்கவில்லை. முன்னால் இருந்த வெள்ளை வெளியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இஞ்ச வரமுந்தி ஒரு குளிர்காலம் முழுக்க மொஸ்கோவில ஒரு அறையில கிடந்தன். தெரியும்தானே உமக்கு."

தெரியும். கனடாவுக்கு அனுப்பக் காசு வாங்கிய ஏஜென்சிக்காரன் அடைத்து வைத்திருந்த அறை. சிரிக்கவைக்கும் பகிடிக் கதையாகத்தான் எப்போதும் சொல்வார், அடுப்பில் வாட்டிய பாண் கருகிய கதை, சப்பாத்து மாறிய கதை.

"ஒருக்கால் நல்ல காய்ச்சல். கூட இருந்தவங்களை அனுப்பிப்போட்டாங்கள். ஜன்னலால பாத்தா உப்பிடித்தான், ஒரே வெள்ளை. நான் செத்தா ஆருக்குச் சொல்லவேணும் எண்டு அந்த ஊரில ஒருத்தருக்கும் தெரியாது. அதுக்குப் பிறகு எங்க போறதெண்டாலும் முதல்ல அதைத்தான் கேக்கிறன்."

இத்தனை வருடமும் கஞ்சத்தனம், பிடிவாதம், ஊர்ப்புத்தி என்று நான் எதையெல்லாம் சொல்லித் திட்டினேனோ, அது அந்த அறையின் காய்ச்சல். பாவமாக இருந்தது. கையுறையோடு அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பின்னேரம் மட்டக்களப்புக்காரர் வீட்டுக்கு நானே முதலில் உடுத்து வெளிக்கிட்டு நின்றேன். பெருவைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. அந்தக் குரங்கு இருந்தபடியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

வசந்தம் வந்தபோது அவர்தான் அந்தப் பழைய சஞ்சிகையைத் தேடி எடுத்தார். சின்ன விமானத்தில் தலை சுற்றுமா என்று மட்டும் கேட்டார். அடுத்த நாள் பெருவுக்கு இரண்டு விமான ரிக்கற் போட்டார்.

நாளைக்குப் பயணம். இன்று பெட்டி அடுக்கிக்கொண்டிருக்கும்போது ஒஷாவாவிலிருந்து அவருடைய அக்கா எடுத்தார். போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அவர் தன் சேட்டுகளை மடித்துக்கொண்டிருந்தார். எங்கே, எத்தனை நாள் என்றெல்லாம் விசாரித்த அக்கா, கடைசியில் அதையே கேட்டார்.

"ஏன் தம்பி, அங்க எங்கட ஆக்கள் ஆர் இருக்கினம்?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இவ வாறா தானே அக்கா."