இரண்டு கையிலும் மாவுக்கட்டு

பேருந்துப் பணிமனையில் அந்த மெக்கானிக்குக்கு 'ஓவர்டைம்' என்று பெயர். பணிமனைக்காக அவர் ஒரு மணி நேரம்கூடக் கூடுதலாக உழைத்தவரில்லை. ஐந்து மணிக்குச் சங்கு ஊதியதும் கையை மண்ணெண்ணெயில் கழுவிவிட்டு நேரே தேவாலயத்துக்குப் போய்விடுவார். ஓவர்டைம் எல்லாம் அங்கேதான். மின்விசிறிக்கு எண்ணெய் விடுவது, கழிவறை அடைப்பு எடுப்பது, ஞாயிற்றுக்கிழமை வண்டிகளை வரிசையாக நிறுத்த வைப்பது என்று ஒரு வேலையையும் அடுத்தவருக்கு மிச்சம் வைக்கமாட்டார். யாராவது நன்றி சொன்னால் காதில் விழாததுபோல நகர்ந்துவிடுவார்.

"கட்டிலையும் அங்கேயே தூக்கிட்டுப் போயிடுங்களேன்" என்பார் மனைவி.

ஒன்று மட்டும் யாருக்கும் புரியவில்லை. திருவிருந்தில் அப்பமும் திராட்சை ரசமும் கொடுக்கும் நேரம் வந்தால் ஒலிபெருக்கிப் பெட்டியில் ஏதோ கோளாறு என்று அவர் பின்பக்கம் போய்விடுவார். இருபத்திரண்டு வருடமாக அந்தப் பெட்டி சரியாக அதே நேரத்தில்தான் கெட்டுப்போனது.

ஒரு வியாழக்கிழமை, தேவாலயத்தின் உயரமான விசிறியைக் கழற்ற ஏறியவர் ஏணியோடு சாய்ந்தார். விழும்போது இரண்டு கையையும் ஊன்றிவிட்டார். இரண்டிலும் எலும்பு முறிவு. முழங்கைவரை மாவுக்கட்டு போட்டு அனுப்பினார்கள்.

வீட்டில் பல் துலக்கிவிட, சோறு ஊட்ட, மூக்கு அரித்தால் சொறிந்துவிட எல்லாவற்றுக்கும் மனைவிதான். "கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துல இப்பதான் என் பேச்சு முழுசையும் உட்கார்ந்து கேக்கறீங்க" என்று அவருக்கு உள்ளூரச் சந்தோஷம். மெக்கானிக்குக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. ஜன்னல் ஓரத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பெருமூச்சாக விட்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் போதகர் பார்க்க வந்தார். மெக்கானிக்கைவிட இருபது வயது இளையவர், புதிதாக வந்தவர்.

"விசிறியை ஆள் வெச்சு மாட்டிட்டோம் அண்ணே. நீங்க நாளைக்கு வந்து சும்மா உட்காருங்க, போதும்."

"சும்மா உட்கார எனக்கு என்ன ஐயா தகுதி இருக்கு?" என்றார் மெக்கானிக். அடுப்படியில் மனைவி இருப்பதையும் மறந்து, இருபத்திரண்டு வருடமாக யாரிடமும் சொல்லாததைப் போதகரிடம் சொன்னார்.

பணிமனையில் அவரோடு ஒரே ஷிப்டில் வேலை பார்த்தவர், எந்நேரமும் சீட்டியடிக்கிற 'விசில்'. ஒருநாள் சரிவில் நின்ற பேருந்தின் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருந்த கட்டையை மெக்கானிக் எடுத்துவிட்டார். கைப்பிரேக்கைப் போட மறந்துவிட்டார். பேருந்து நிதானமாக உருண்டு போய் ஃபோர்மேன் அறையின் சுவரை இடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தது. ஃபோர்மேன் அந்தச் சமயம் கழிவறைக்குப் போயிருந்தார். திரும்பி வந்தபோது அவர் நாற்காலியில் பேருந்தின் மூக்கு உட்கார்ந்திருந்தது.

கட்டையை எடுத்தது யார் என்று விசாரணை நடந்தது. மெக்கானிக்குக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. "நான்தான் சார்" என்றார் விசில். அன்றே வேலை போனது. ஊரைவிட்டே போய்விட்டார்.

"அன்னைக்கிலிருந்து பரிகாரமா உழைச்சுக்கிட்டே இருக்கேன் ஐயா. இன்னும் பத்தலை. இப்ப கையும் போச்சு."

போதகர் அந்த இரண்டு வெள்ளைக் கைகளையும் பார்த்தார்.

"சிலுவையில இயேசுவுக்குப் பக்கத்துல ஒரு கள்ளன் தொங்கினானே, அவனுக்கு ரெண்டு கையும் எங்க இருந்துச்சு அண்ணே?"

"மரத்துலதான்."

"அப்ப அவன் எத்தனை விசிறிக்கு எண்ணெய் விட்டான்? என்னை நினைச்சுக்கோங்கன்னு வாயால கேட்டான். அவ்வளவுதான். அன்னைக்கே அவனைக் கூடவே கூட்டிட்டுப் போறேன்னுட்டார்."

மெக்கானிக்குக்கு ஒப்பவில்லை. "தப்புன்னா தப்புதானே? சும்மா விட்டுடுவாரா?"

"சும்மா விடல. அந்தத் தண்டனையைச் சிலுவையில தானே ஏத்துக்கிட்டார். அது வேற, இது வேற. நீங்க இன்னொரு தடவை சுமக்க அதுல மீதி எதையும் வெக்கலை. பாவநிவாரணம் அவர் செஞ்சது. இரட்சிப்புங்கறது அதை வாங்கிக்கறது."

"அப்ப நான் பார்த்த வேலை எல்லாம் வீணா?"

"வீண் எப்படி? விசிறி ஓடிச்சு, எல்லாருக்கும் காத்து வந்துச்சு. ஆனா அது உங்க தப்பைக் கழுவறதுக்கு இல்ல. இனிமே சந்தோஷத்துல செய்யுங்க. முதல்ல விசிலண்ணனைப் போய்ப் பாருங்க. கடவுள்கிட்ட மன்னிப்பு சம்பாதிக்கப் போகவேண்டாம். அது கிடைச்சாச்சுங்கற தைரியத்துல போங்க."

அடுப்படிக் கதவு திறந்தது. கையில் கரண்டியோடு மனைவி நின்றார்.

"இத்தனை நாளா நான் பக்தின்னு நெனச்சிட்டேன்" என்றார். பிறகு, "நாளைக்குக் கோயில். நாளான்னைக்கு முதல் பஸ்."

ஞாயிற்றுக்கிழமை ஒலிபெருக்கிப் பெட்டி கெடவில்லை. கெட்டிருந்தாலும் தொட முடியாது. எல்லோருக்கும் பின்னால் போய் முழங்காலிட்டார். நீட்டக் கையில்லாமல் வாயைத் திறந்தார். போதகர் அப்பத்தை வாயில் வைத்தார்.

பழைய ஆட்களிடம் விலாசம் விசாரித்துக்கொண்டு, திங்கட்கிழமை மனைவியோடு மூன்று மணி நேரப் பயணம். விசில் அந்த ஊரில் வண்டி சீட்டுகளுக்கு உறை தைக்கிற கடை வைத்திருந்தார். ரெக்சின் சுருள்களுக்கு நடுவே தையல் மெஷினிலிருந்து நிமிர்ந்து பார்த்தவர், "யாருடா உன்னை இப்படி அடிச்சது?" என்றார்.

மெக்கானிக் வழியெல்லாம் ஒத்திகை பார்த்தது ஒன்றும் வாயில் வரவில்லை. "அந்தக் கட்டையை எடுத்தது நான்டா."

"தெரியும். நீ எடுத்தப்போ எதிர்லதானே நின்னேன்."

"பின்ன ஏன்டா...?"

"உன் வீட்டுக்காரங்களை அன்னைக்குக் காலையிலதான் பிரசவத்துக்குச் சேர்த்திருந்த. உன் மூஞ்சி சாம்பலாட்டம் இருந்துச்சு. ஃபோர்மேன் கேட்டார், என் வாயில வந்துடுச்சு."

"நீ நல்லா இருந்தியா?"

"எங்க இருந்தேன்? ரெண்டு வருஷம் நாய்படாத பாடு. ஒரு தடவை வந்து எட்டிப் பார்த்தானான்னு உன்னைத் திட்டாத நாளில்லை. அப்புறம் ஒருநாள் விட்டுட்டேன்."

"என்னைக்கு?"

"தேதியா குறிச்சு வெச்சிருக்கேன்?"

மெக்கானிக் அழுதார். கண்ணைத் துடைக்கவும் கையில்லை. மனைவி கைக்குட்டையை எடுத்தார்.

"உனக்கு நான் என்ன செய்யணும், சொல்லு."

"இந்தக் கையை வெச்சுக்கிட்டா?" விசில் சிரித்துவிட்டார். "உட்காரு, சாப்பிடலாம்." தன் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்து, பிசைந்து, முதல் கவளத்தை மெக்கானிக்கின் வாயில் வைத்தார். மெக்கானிக் மறுக்கப் பார்த்தார். "வாயைத் தொறடா" என்று அதட்டல் வந்தது. திறந்தார். போதகர் சொன்னது அந்தக் கவளத்தோடுதான் தொண்டைக்குக் கீழே இறங்கியது.

கட்டுப் பிரித்ததும் மெக்கானிக் பணிமனை மேலாளரிடம் போய் நடந்ததை எழுதிக் கொடுத்தார். வேலை போனாலும் போகட்டும் என்றுதான் போனார். இப்போதிருந்த மேலாளர் அந்தப் பேருந்தைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. மூன்று வாரம் பழைய கோப்பைத் தேடினார்கள். கடைசியில் மெக்கானிக்குக்குக் கண்டிப்புக் கடிதம் ஒன்றும், விசிலுக்கு அவர் பெயரில் குற்றமில்லை என்று ஒரு கடிதமும் வந்தன.

விசில் போன் செய்து தனக்கு வந்ததை உரக்கப் படித்தார். "'மேற்படி வாகனம் ஃபோர்மேன் அறைக்குள் முன்னனுமதியின்றி நுழைந்த சம்பவத்தில்' அப்படின்னு போட்டிருக்காங்கடா. பஸ்ஸு கதவைத் தட்டிட்டு வந்திருக்கணுமாம்."

இரண்டு பேரும் போனைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் சிரித்தார்கள். சாப்பாடு ஆறுகிறது என்று மனைவி இரண்டு தரம் கூப்பிட்டும் மெக்கானிக்கின் காதில் விழவில்லை.